சார்ட்ல எண்ணும் ஊர் பேரும் சரியா நிக்கறதுக்கு என்ன பண்ணணும்? (மேட்பிளாட்லிப்)

நீங்க எழுதினதோட சாரம் இதுதான். கோத்தகிரி பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயிகள் குழுவுக்காக மாசாமாசம் மழை அளவு, பச்சைத் தேயிலை விலை ரெண்டையும் பைதான்ல மேட்பிளாட்லிப்ங்கற சார்ட் வரையற லைப்ரரி வச்சு சார்ட் போட்டு, பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டறீங்க. பாருக்கு (சார்ட்ல வர்ற பட்டைக்கு) மேல எண் வர்றதுக்கு அந்த பாரோட மதிப்போட 5 கூட்டி அந்த உயரத்துல டெக்ஸ்ட் போடறீங்க, விலை சார்ட்ல எண் எங்கயோ மேல போய் நிக்குது, மழை சார்ட்ல பாரோட தலையிலயே ஒட்டிக்குது. ஊர் பேர தமிழ்ல போட்டா கட்டம் கட்டமா வருது, ஃபான்ட் மாத்தினா எழுத்து உடைஞ்சு வருது. சரியான கமாண்ட் எதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கமாண்ட் உங்க கையில ஏற்கனவே இருக்கு. உங்களுக்கு வேணும்கிறது ரெண்டு விஷயம்: எழுத்தோட எடத்த எந்த அளவுல சொல்லணும், தமிழ் எழுத்து ஏன் உடையுது. முதல் விஷயத்துல நான் சொல்றதெல்லாம் உறுதியான சமாச்சாரம், எந்த கம்ப்யூட்டர்லயும் அப்படியேதான் நடக்கும். ரெண்டாவதுல பாதி உறுதி, மீதி உங்க மெஷின்ல இருக்கிற வெர்ஷனைப் பொறுத்தது, அத எப்படி நீங்களே சோதிச்சுக்கறதுன்னும் சொல்றேன். பல வருஷமா இந்த மலைப்பக்கத்து மழைக்கணக்கும் விலைக்கணக்கும் சார்ட்டா போடறதுதான் என் பொழப்பு, அதனால உதாரணமெல்லாம் இங்கருந்தே எடுத்துக்கறேன். பங்ஷன் பேரெல்லாம் தமிழ்லயே எழுதறேன், எடிட்டர்ல முதல் ரெண்டு எழுத்து அடிச்சாலே அதுவா காட்டிடும்.

முதல்ல அந்த 5 என்ன பண்ணுதுன்னு பாருங்க. டெக்ஸ்ட் பங்ஷனுக்கு நீங்க குடுக்கற எக்ஸ், ஒய் ரெண்டுமே டேட்டாவோட அளவு. அதாவது விலை சார்ட்ல 5ன்னா 5 ரூபா, மழை சார்ட்ல 5ன்னா 5 மில்லிமீட்டர் மழை. விலை சார்ட்டோட அச்சு (ஆக்சிஸ்) 0ல இருந்து 30 வரைக்கும் போகுதுன்னு வச்சுக்குவோம், பிரிண்ட்ல சார்ட் 10 சென்டிமீட்டர் உயரம். அதுல 5 ரூபாங்கறது ஆறுல ஒரு பங்கு, காகிதத்துல ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல. அப்ப எண் பாரை விட்டுட்டு தனியா நிக்காம என்ன பண்ணும்? இப்ப மழைக்கு வாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அந்த வாரத்த நாள்வாரியா போட்டா அச்சு 900 மில்லிமீட்டர் வரைக்கும் போயிரும், அதே 10 சென்டிமீட்டர் உயரத்துல 5 மில்லிமீட்டர் மழைங்கறது காகிதத்துல அரை மில்லிமீட்டர், பேனா கோட்டோட தடிமன்தான். எண் பாரோட ஒட்டத்தான் செய்யும். உங்க ப்ரோக்ராம்ல பிழை இல்ல, தள்ளி நிக்க வேண்டிய தூரத்த தப்பான அளவுல சொல்லியிருக்கீங்க, அவ்வளவுதான்.

லேபிளுக்கு எப்பவும் ரெண்டு கணக்கு இருக்கு. எதப் பத்தின லேபிள்ங்கறது டேட்டா கணக்கு, அதுல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்ங்கறது காகிதக் கணக்கு. மேட்டுப்பாளையம் ரோட்டுல மைல்கல் நட்டிருக்காங்களே, அது எந்த எடத்துல நிக்கணும்னு கிலோமீட்டர் கணக்கு சொல்லுது, தார் ரோட்டோட விளிம்புல இருந்து எத்தனை அடி தள்ளி நடணும்ங்கறது வேற கணக்கு, ரோடு 50 கிலோமீட்டர் நீளமா இருந்தாலும் 500 கிலோமீட்டரா இருந்தாலும் அந்த அடி மாறாது. மேட்பிளாட்லிப்ல இந்த ரெண்டையும் தனித்தனியா சொல்றதுக்குதான் அனோட்டேட்னு ஒரு பங்ஷன் இருக்கு. அதுல எக்ஸ்ஒய்ங்கற எடத்துல பாரோட உச்சியைக் குடுங்க, எக்ஸ்ஒய்டெக்ஸ்ட்ல 0, 4ன்னு குடுங்க, டெக்ஸ்ட்கோர்ட்ஸ்ல ஆஃப்செட் பாயின்ட்ஸ்னு எழுதுங்க. பாயின்ட்ங்கறது அச்சுத்தொழில்ல வர்ற அளவு, ஒரு இன்ச்சுல 72 பாயின்ட், அப்ப 4 பாயின்ட் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அச்சு 30 வரைக்கும் போனாலும் 900 வரைக்கும் போனாலும் எண் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியேதான் நிக்கும். லாக் ஸ்கேல் (1, 10, 100னு மடங்கு மடங்கா ஏறற அச்சு) போடறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்க ஒரே 5ஐக் கூட்டினா கீழ ஒரு தூரம் மேல ஒரு தூரம்னு ஆயிரும், பாயின்ட்ல சொன்னா அந்த தொல்லையே இல்ல.

பார் சார்ட்டுக்கு மட்டும்னா இதையும் நீங்க கையால எழுத வேண்டாம். 2021ல வந்த 3.4 வெர்ஷன்ல இருந்து பார்லேபிள்னு ஒண்ணு இருக்கு, பேருக்கு நடுவுல ஒரு அண்டர்ஸ்கோர் வரும். பார் வரையற பங்ஷன் திருப்பித் தர்றத ஒரு பேர்ல வாங்கி வச்சுக்கிட்டு, அத அப்படியே பார்லேபிளுக்குக் குடுத்தா எல்லா பாருக்கும் எண் போட்டுரும், பேடிங்னு (தள்ளி நிக்கற தூரம்) குடுக்கறது பாயின்ட் கணக்குதான். படுத்த பாருக்கும் அதுவே எடம் பாத்து வலதுபக்கம் வச்சுரும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின பார்ல, நடுவுல வைக்கச் சொன்னா அந்தந்த துண்டோட அளவ எழுதும், விளிம்புல வைக்கச் சொன்னா கீழ இருந்து கூட்டி வந்த மொத்தத்த எழுதும், அதனால மேல்துண்டுக்கு மட்டும் விளிம்பு லேபிள் போட்டீங்கன்னா மொத்தம் தானா வந்துரும், தனியா கூட்ட வேண்டாம். ஒரு விஷயத்துல மட்டும் கவனம் வேணும், எழுத்துக்காக அச்சு தானா நீளாது. உயரமான பாரோட எண் மேல்சட்டத்துல இடிக்கும். மார்ஜின்ஸ்ல ஒய்க்கு 0.12 மாதிரி குடுத்து மேல கொஞ்சம் எடம் விடுங்க.

சட்டத்துக்கு வெளிய விழற எழுத்து பத்தியும் சொல்லிடறேன், இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. டெக்ஸ்ட் பங்ஷன்ல போட்ட எழுத்து சார்ட்டோட சட்டத்துக்கு வெளிய விழுந்தாலும் சாதாரணமா வெட்டப்படாது, அது பாட்டுக்கு வெளிய நிக்கும். தேதி அச்சு வச்ச சார்ட்ல எக்ஸ் 0ன்னு குடுத்து ஒரு குறிப்பு எழுதினா என்ன ஆகும்? மேட்பிளாட்லிப் தேதியை உள்ளுக்குள்ள 1970 ஜனவரி 1ல இருந்து எத்தனை நாள்னுதான் வச்சிருக்கு, அப்ப உங்க குறிப்பு 1970ல போய் நிக்கும். ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது. சேவ் பண்றப்ப ஓரத்த இறுக்கி வெட்டச் சொல்லி டைட்னு போட்டிருந்தீங்கன்னா, அந்த எழுத்தையும் சேர்த்துக்கிட்டு படம் பல ஆயிரம் பிக்சலுக்கு நீண்டுரும், இல்ல படம் ரொம்பப் பெருசுன்னு எரர் வந்து நின்னுரும். இந்த மாதிரி மூலையில நிக்க வேண்டிய குறிப்ப, டேட்டா எடுத்த எடம், தேதி இதையெல்லாம், டேட்டா கணக்குல சொல்லவே கூடாது. டிரான்ஸ்ஃபார்ம்ங்கற எடத்துல டிரான்ஸ்ஆக்சிஸ்னு குடுத்தா சட்டத்தோட இடது கீழ்மூலை 0, 0, வலது மேல்மூலை 1, 1ன்னு ஆயிரும். 0.98, 0.97ன்னு குடுத்து, ஹெச்ஏவுக்கு (எழுத்தோட இடம்-வலம் ஒழுங்கு) ரைட், விஏவுக்கு (மேல்-கீழ் ஒழுங்கு) டாப்னு போட்டா குறிப்பு மேல்மூலையில ஒழுங்கா உக்காரும்.

ரெண்டும் கலந்த ஒரு வகை இருக்கு, நம்ம மழை சார்ட்டுக்குன்னே செஞ்ச மாதிரி. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குல கொட்டும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் வடகிழக்குதான் பெருசு. ஒரே சார்ட்ல ரெண்டு பக்கத்தையும் போட்டா இது பளிச்னு தெரியணும்ல, அதுக்கு அந்த மாசங்களுக்குப் பின்னாடி லேசா நிறம் போட்டு, மேல ‘தென்மேற்கு’, ‘வடகிழக்கு’ன்னு எழுதணும். இங்க எக்ஸ் டேட்டா கணக்குல இருக்கணும், ஏன்னா மாசம் மாறக்கூடாது. ஒய் சட்டக் கணக்குல இருக்கணும், ஏன்னா எந்த வருஷம் எவ்வளவு மழை பேஞ்சாலும் எழுத்து மேல்விளிம்புலயே நிக்கணும். இதுக்கு கெட் எக்ஸ்ஆக்சிஸ் டிரான்ஸ்ஃபார்ம்னு ஒண்ணு இருக்கு, அத டிரான்ஸ்ஃபார்ம்ல குடுத்தா போதும். இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா வருஷா வருஷம் புது டேட்டாவ மாத்திட்டு அதே ப்ரோக்ராம ஓட்டலாம், லேபிள தொடவே வேண்டாம்.

கோடு சார்ட்ல ஓரமா ஒரு கட்டம் போட்டு எந்த நிறம் எந்த ஊர்னு விளக்கறத விட, கோடு முடியற எடத்துலயே ஊர் பேர எழுதறதுதான் நல்லதுங்கறது என் அபிப்பிராயம். நோட்டீஸ் போர்டுல நின்னு பாக்கறவங்க கருப்பு வெள்ளை பிரிண்டத்தான் பாக்கப்போறாங்க, நிறத்த வச்சு ஊரைக் கண்டுபிடின்னு அவங்ககிட்ட சொல்ல முடியாது. கடைசிப் புள்ளிக்கு அனோட்டேட் போட்டு 6 பாயின்ட் வலது, 0 மேல, விஏ சென்டர்னு குடுங்க. ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல முடிஞ்சா பேர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், அப்ப ஒண்ண 6 பாயின்ட் மேல தள்ளி இன்னொண்ண 6 பாயின்ட் கீழ தள்ளிருங்க.

நிறைய புள்ளிகளுக்குப் பேர் வைக்கணும்னா தானா விலக்கி வைக்கிற அட்ஜஸ்ட்டெக்ஸ்ட்னு ஒரு தனி லைப்ரரி இருக்கு, ஆர்ங்கற ப்ரோக்ராம் மொழி பயன்படுத்தறவங்களுக்கு ஜிஜிரெபெல்னு ஒண்ணு இருக்கு. உதவும், ஆனா எல்லா எடத்துலயும் மோதாம வரும்னு உத்தரவாதம் கிடையாது, நெரிசல் அதிகமானா அது எங்கயாவது கொண்டுபோய் வைக்கும். பத்துப் பதினஞ்சு புள்ளின்னா கையால வைக்கறதுதான் சுத்தம். நம்ம மலை ரயில எடுத்துக்குங்க. மேட்டுப்பாளையத்துல 326 மீட்டர்ல கிளம்பி ஊட்டியில 2,203 மீட்டருக்கு வருது, நீளம் 46 கிலோமீட்டர். எக்ஸ்ல தூரம், ஒய்ல உயரம்னு போட்டா கல்லாறு வரைக்கும் கிட்டத்தட்ட சமதளம், அதுக்கப்புறம் பல்சக்கரம் பிடிச்சு ஏற ஆரம்பிச்சதும் குன்னூர் வரைக்கும் கோடு செங்குத்தா போகும், குன்னூர்ல இருந்து வெலிங்டன், அருவங்காடு எல்லாம் பக்கத்துல பக்கத்துல வரும். எல்லா ஸ்டேஷன் பேரையும் ‘மேல 4 பாயின்ட்’னு ஒரே மாதிரி வச்சா ஏற்றப் பகுதியில பேர் கோட்டு மேலயே விழும், குன்னூர்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். மேல ஏறிப்போற கோட்டுக்கு இடதுபக்கம் மேல எப்பவும் காலியாதான் இருக்கும், அதனால ஹில்குரோவ், ரன்னிமேடு பேரையெல்லாம் ஹெச்ஏ ரைட் வச்சு இடதுபக்கம் தள்ளுங்க. குன்னூர் இடதுபக்கம் மேல, வெலிங்டன் வலதுபக்கம் கீழ, அருவங்காடு மறுபடி மேல. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எத்தனை பாயின்ட் எந்தப் பக்கம்னு ஒரு சின்ன டிக்‌ஷனரி எழுதி லூப்ல ஓட்டினா முடிஞ்சது வேலை. கோட்டு மேல தவிர்க்கவே முடியாம எழுத்து விழுந்தா, பாத்எஃபெக்ட்ஸ்ல வித்ஸ்ட்ரோக் போட்டு எழுத்தச் சுத்தி 3 பாயின்ட் வெள்ளை விளிம்பு குடுங்க, பின்னாடி கோடு போனாலும் படிக்க வரும்.

இப்ப தமிழ். கட்டம் வர்றதும் எழுத்து உடையறதும் வேற வேற நோய், ஒண்ணுக்கு குடுத்த மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது. கட்டம் வர்றது ஏன்னா மேட்பிளாட்லிப்போட கூடவே வர்ற டெஜாவூ சான்ஸ் ஃபான்ட்ல தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ் இருக்கிற ஃபான்ட் குடுத்தா இது தீரும், விண்டோஸ்ல நிர்மலா யூஐ இருக்கும், இல்லேன்னா நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமா கிடைக்குது. 2022ல வந்த 3.6 வெர்ஷன்ல இருந்து ஃபான்ட் ஃபேமிலியில பட்டியலாவே குடுக்கலாம், முதல் ஃபான்ட்ல இல்லாத எழுத்த அடுத்ததுல தேடி எடுத்துக்கும். ஃபைலா டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா ஃபான்ட் மேனேஜர்ல ஆட்ஃபான்ட்னு குடுத்து அந்த ஃபைலோட பாதையைக் காட்டிருங்க. இது வரைக்கும் உறுதி.

எழுத்து உடையறது ஃபான்ட்டோட குத்தம் இல்ல. தமிழ்ல எழுத்து கம்ப்யூட்டர்ல சேமிக்கற வரிசையும் கண்ணுக்குத் தெரியற வரிசையும் ஒண்ணு இல்ல. ‘வெலிங்டன்’ல முதல்ல சேமிக்கறது வ, அப்புறம்தான் ஒற்றைக்கொம்பு, ஆனா கண்ணுக்கு கொம்பு முன்னாடி வரணும். ‘குன்னூர்’ல க தனி, உகரக்குறி தனியா சேமிச்சிருக்கும், அது ரெண்டும் சேர்ந்து ‘கு’ங்கற ஒரே உருவமா மாறணும். இப்படி முன்ன பின்ன மாத்தி, சேர்த்து வைக்கிற வேலைய ப்ரௌசரும் வேர்டும் தானா பண்ணிரும். பரவலா எல்லார் கையிலயும் இருக்கிற மேட்பிளாட்லிப் வெர்ஷன்கள் அதப் பண்றதில்ல, வந்த வரிசையிலயே ஒவ்வொரு துண்டா வச்சுக்கிட்டுப் போகும். அதனால எந்த தமிழ் ஃபான்ட் போட்டாலும் வ முன்னாடி வந்து கொம்பு பின்னாடி தொங்கும், க பக்கத்துல உகரக்குறி தனியா நிக்கும். இதச் சரிபண்ற வேலை அந்த ப்ராஜெக்ட்ல நடக்குது, அதனால உங்க மெஷின்ல இருக்கறது எப்படின்னு நீங்கதான் பாத்துக்கணும். ‘வெலிங்டன்’, ‘குன்னூர்’ ரெண்டையும் ஒரு வெறும் சார்ட்ல பெருசா எழுதிப் பாருங்க. ரெண்டும் சரியா வந்தா உங்க வெர்ஷனுக்கு வேற வைத்தியம் வேண்டாம். ‘அவலாஞ்சி’ மாதிரி கொம்பே இல்லாத பேர வச்சு மட்டும் சோதிக்காதீங்க, கிட்டத்தட்ட சரியா இருக்கிற மாதிரி தெரிஞ்சு ஏமாத்திரும்.

சரியா வரலேன்னா நான் பண்றது இதுதான். ஆர்சிபேராம்ஸ்ங்கற மேட்பிளாட்லிப் செட்டிங்ல எஸ்விஜி ஃபான்ட்டைப்ங்கறத ‘நன்’னு மாத்திட்டு படத்த எஸ்விஜியா (ப்ரௌசர்ல திறக்கற ஒரு பட ஃபைல் வகை) சேவ் பண்றேன். அப்படிப் பண்ணா மேட்பிளாட்லிப் எழுத்த வரையாம, எழுத்தாவே ஃபைல்ல விட்டுரும், அந்த ஃபைல ப்ரௌசர்லயோ இங்க்ஸ்கேப்லயோ திறந்தா அவங்க தமிழ ஒழுங்கா கோத்துக் காட்டுவாங்க, அங்கிருந்து பிடிஎஃப் எடுத்து பிரிண்ட் குடுக்கலாம். ரெண்டு குறை இருக்கு. திறக்கற மெஷின்லயும் அந்த ஃபான்ட் இருக்கணும். அப்புறம், எழுத்துக்குப் பின்னாடி பெட்டி போட்டிருந்தா அந்தப் பெட்டியோட அகலத்த மேட்பிளாட்லிப் உடைஞ்ச எழுத்த வச்சு அளந்திருக்கும், கொஞ்சம் கூடக்குறைய வரும், அதனால தமிழ் லேபிளுக்குப் பெட்டிக்குப் பதிலா நிறத்தோட நிறுத்திக்குங்க. இன்னொரு வழி எம்பிஎல்கெய்ரோங்கற பேக்எண்ட் (மேட்பிளாட்லிப்புக்காக படத்த வரைஞ்சு தர்ற பகுதி), அது தமிழ சரியா கோக்கும், இன்ஸ்டால் பண்றதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும். ப்ளாட்லி, பொக்கே மாதிரி ப்ரௌசர்லயே ஓடற லைப்ரரிக்கு மாறினா இந்தப் பிரச்னையே வராது, ஆனா பிரிண்டுக்காக மட்டும் எல்லா ப்ரோக்ராமையும் மாத்தி எழுதறது உங்களுக்கு தேவையில்லாத வேலைன்னுதான் தோணுது.

எழுத்தோட அளவும் பாயின்ட்தான்ங்கறதால, சார்ட்ட கடைசியா எந்த அளவுல பிரிண்ட் எடுக்கப் போறீங்களோ அதே இன்ச்சுல ஃபிக்சைஸ் குடுங்க. 14 இன்ச் அகலத்துல வரைஞ்சுட்டு வேர்டுல 7 இன்ச்சா சுருக்கினா 10 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டா ஆயிரும், தூரத்துல நின்னு பாக்கறவங்களுக்கு எறும்பு ஊர்ற மாதிரிகூட தெரியாது. ஊர் பேர் கீழ அச்சுல நெருக்கியடிச்சுட்டு வந்தா சாய்ச்சுப் போடாதீங்க, பார படுக்க வச்சிருங்க. உதகமண்டலம் மாதிரி நீளமான பேரெல்லாம் இடதுபக்கம் நேரா நிக்கும், கழுத்த சாய்க்காம படிக்கலாம். எல்லா பாருக்கும் எண் போட்டுட்டீங்கன்னா பின்னாடி கட்டக்கோடு எடுத்துருங்க, ஒரே சேதிய ரெண்டு தடவை சொல்ல வேண்டாம். ஒரு வருஷத்து வாராந்திர விலைக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் எண் எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, அதிகம், குறைவு, கடைசி வாரம் மூணு போதும்.

கொள்முதல் கிலோ மாதிரி பெரிய எண் வர்ற எடத்துல பைதானோட கமா மூணு மூணு இலக்கமாதான் பிரிக்கும், 125,000ன்னு வரும். நம்ம ஆளுங்க 1,25,000ன்னு பாத்துதான் பழக்கம். பேபெல் லைப்ரரியில இந்திய லோக்கேல் (அந்தந்த நாட்டு எழுத்து வழக்கம்) குடுத்தா அப்படிப் பிரிச்சுத் தரும், அந்தப் பட்டியல பார்லேபிளோட லேபிள்ஸ்ங்கற எடத்துல குடுத்துருங்க, எண் வேண்டாத பாருக்கு அதே பட்டியல்ல வெறும் மேற்கோள்குறி வச்சிருங்க. முதல்ல அந்த ரெண்டு ஊர் பேர எழுதிப் பாத்துட்டு என்ன வருது, எந்த வெர்ஷன்னு சொல்லுங்க, எஸ்விஜி வழிக்குப் போகணுமா வேண்டாமான்னு அதுல இருந்து முடிவு பண்ணிக்கலாம்.